அர்ச்சனைக்குள் ஓர் இலக்கணப் பாடம்

‘சம்ஸ்கிருதத்தில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது’ என்று கூறும் அன்பர்கள் பலர், அந்தி வேளையில் விளக்கேற்றியபின் நூற்றெட்டு நாமங்களைச் சொல்லி இறைவனை அர்ச்சிக்கிறார்கள். ஒவ்வொரு நாமத்தையும் அவர்கள் நான்காம் வேற்றுமை உருபு ஏற்ற வடிவில், ‘நம:’ என்ற சொல்லுடன் சேர்த்து உச்சரிக்கிறார்கள். நாள் தவறாமல் அர்ச்சிப்பவர் ஓர் ஆண்டில் 39,420 முறை இந்த இலக்கணப் பயிற்சியைச் செய்துவிடுகிறார். பயிற்சி நடந்துவிட்டது, அதன் பெயர்தான் அவருக்குத் தெரியாது. அந்தப் பெயரையும் அதன் காரணத்தையும் எடுத்துக் கூறுவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

வழக்கமாக சம்ஸ்கிருதம் கற்கத் தொடங்குபவரின் கையில் ‘சப்த மஞ்சரி’ கொடுக்கப்படும். ‘ராம: ராமௌ ராமா:’ என்று தொடங்கி, வேற்றுமை வடிவங்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டும். எட்டு வயதுச் சிறுவனுக்கு அதைவிடச் சிறந்த முறை இல்லை. ஆனால் பணி ஓய்வுக்குப் பின் ஆர்வத்துடன் புத்தகத்தைத் திறப்பவருக்கு நினைவாற்றல் அந்த வேகத்தில் ஒத்துழைப்பதில்லை. மூன்றாவது அட்டவணையோடு புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிடுகிறது. அத்தகையோர் ஏற்கெனவே தம் நாவில் இருப்பதிலிருந்து தொடங்குவதே நலம் என்பது என் கருத்து.

கதவைத் திறந்தவர்கள்

‘இந்த வயதில், இந்தப் பின்னணியில் இது எனக்கு உரியதுதானா?’ என்ற தயக்கம் பலரிடம் இருக்கிறது. அந்தத் தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தா சம்ஸ்கிருதக் கல்லூரியில் ஒரு காலத்தில் பிராமணரும் வைத்தியரும் மட்டுமே சேர்க்கப்பட்டனர். 1851-ஆம் ஆண்டு அதன் முதல்வரான ஈசுவர சந்திர வித்யாசாகரர், அதே ஆண்டில் காயஸ்தருக்கும் அக்கல்லூரியின் கதவைத் திறந்தார். பின்னர் மற்ற வகுப்பினருக்கும் அது விரிந்தது. கதவைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே வருபவருக்குப் படிக்கட்டும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதுவரை மாணவர்கள் போபதேவரின் ‘முக்தபோதம்’ என்னும் இலக்கண நூலைப் பொருள் விளங்கும் முன்பே ஆண்டுக்கணக்கில் உருப்போட வேண்டியிருந்தது; சம்ஸ்கிருத இலக்கணத்தைக் கற்க முதலில் சம்ஸ்கிருதமே தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை. வித்யாசாகரர் அதே 1851-இல், தாய்மொழியான வங்காளத்தில் ‘உபக்ரமணிகா’ என்ற தொடக்க நூலை எழுதி வெளியிட்டார். விதிகளைத் தாய்மொழியில் புரிந்துகொண்டு, பிறகு மூலத்திற்குச் செல்லும் வழி அதனால் உண்டாயிற்று.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1863-இல், காயஸ்தக் குடும்பம் ஒன்றில்தான் நரேந்திரர் பிறந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். துறவு பூண்டபின் வராக நகர மடத்தில் வறுமையோடு வாழ்ந்த நாட்களில், 1888 நவம்பர் 19-ஆம் தேதி அவர் காசியில் இருந்த பிரமதாதாஸ் மித்ரருக்கு ஒரு கடிதம் எழுதினார். வங்காளத்தில் வேதக் கல்வி மறைந்துபோனதையும், வேத மொழியில் தேர்ச்சி பெறப் பாணினியின் இலக்கணம் இன்றியமையாதது என்பதையும் கூறி, ‘அஷ்டாத்யாயீ’ பிரதி ஒன்றைத் தந்து உதவ இயலுமா என்று கேட்கிறார். உணவுக்கே உறுதியில்லாத மடத்தில் ஓர் இலக்கண நூலுக்காகக் கை நீட்டியிருக்கிறார்கள். பின்னர் 1897-இல் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவில், சாதாரண மக்களுக்குத் தாய்மொழியில் கருத்துகளைக் கொடுப்பதோடு சம்ஸ்கிருதக் கல்வியும் உடன் செல்ல வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஆகவே, ‘எனக்கு உரியதா?’ என்ற கேள்வியை இத்துடன் விட்டுவிடலாம்.

ஒரே எழுத்து, நான்கு ஒலிகள்

தமிழ் நூல்களில் அச்சிடப்பட்ட நாமாவளியைப் பயன்படுத்துபவர் முதலில் ஒன்றை அறிய வேண்டும். தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து நிற்கும் இடத்தில் சம்ஸ்கிருதத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. ச, ட, த, ப வரிசைகளிலும் அப்படியே. இவற்றைக் காட்டவே நம் பழைய பதிப்புகளில் எழுத்தின் மேல் 2, 3, 4 என்று சிறிய எண்கள் இடப்பட்டன. எண் இல்லாதது முதல் ஒலி. இரண்டாவது, அதனுடன் மூச்சுக்காற்று கலந்தது. மூன்றாவது, ‘தங்கம்’ என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் ககரத்தைப் போன்றது. நான்காவது, அதனுடன் மூச்சுக்காற்று கலந்தது.

எண்கள் இன்றி ‘கதா’ என்று எழுதினால் அது என்ன சொல்? கதா² என்றால் கதை. கதா³ என்றால் ‘எப்பொழுது’. க³தா³ என்றால் திருமாலும் பீமனும் ஏந்தும் ஆயுதம். க³தா என்றால் ‘சென்றவள்’. நான்கு சொற்களும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே தோன்றுகின்றன. ஆகவே எண்ணிட்ட பதிப்பைத் தேடிப் பயன்படுத்துங்கள். அல்லது தேவநாகரி எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்திற்குள் தட்டுத்தடுமாறியாவது படிக்க வந்துவிடும். வட மாநிலங்களில் வாழும் நம் வாசகர்களுக்குக் கடைப் பெயர்ப் பலகைகளே பாட நூலாக அமையும்.

‘நம:’ என்பதன் இறுதியில் உள்ள இரு புள்ளிகளுக்கு விசர்க்கம் என்று பெயர். அது மெல்லிய ஹகர ஒலி. முன்னுள்ள உயிரின் எதிரொலியைத் தன்னுடன் கொண்டுவரும். ராம: என்பது ‘ராமஹ’ என்றும், ஹரி: என்பது ‘ஹரிஹி’ என்றும், குரு: என்பது ‘குருஹு’ என்றும் ஒலிக்கும்.

உச்சரிப்பைப் பற்றிப் பேசும்போது சிலர் துவஷ்டாவின் கதையை நினைவூட்டி அச்சுறுத்துவதுண்டு. இந்திரனைக் கொல்லும் மகனை வேண்டி அவன் வேள்வி செய்தபோது ‘இந்த்ரசத்ரு’ என்ற தொகைச்சொல்லில் ஸ்வரம் மாறியதால், ‘இந்திரனைக் கொல்பவன்’ என்ற பொருள் ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’ என்று மாறிவிட்டது. பதஞ்சலியும் மகாபாஷ்யத்தின் தொடக்கத்தில் இலக்கணம் கற்பதன் பயனைக் கூறும்போது இதைக் குறிப்பிடுகிறார். அவர் அதைக் கூறுவது கற்கத் தூண்டுவதற்காக. கற்கத் தொடங்குபவரை வாய் திறக்காமல் தடுப்பதற்கு அதைப் பயன்படுத்துவது பதஞ்சலிக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

‘கு’ என்ற ஒன்றும் அதன் பல வடிவங்களும்

தமிழில் நான்காம் வேற்றுமைக்கு உருபு ‘கு’ ஒன்றே. ராமனுக்கு, ஹரிக்கு, தேவிக்கு, தாய்க்கு என எந்தச் சொல்லுடனும் அதுவே வரும். சம்ஸ்கிருதத்தில் சொல் எந்த எழுத்தில் முடிகிறது, அது எந்தப் பால் என்பதற்கேற்ப இறுதி வடிவம் மாறும். நாமாவளியைக் கவனித்தால் இந்த விதி தானாகவே வெளிப்படும்.

அகரத்தில் முடியும் ஆண்பாற் சொற்கள் ‘ஆய’ பெறும்: ராம என்பது ராமாய, கேசவ என்பது கேசவாய, சிவ என்பது சிவாய. இகரத்தில் முடிபவை ‘அயே’ என்று மாறும்: ஹரி, ஹரயே, முருகனைக் குறிக்கும் ஸேனானீ போன்றவை தனி வழியில் செல்லும், அவற்றை இப்போது விட்டுவிடுவோம். உகரத்தில் முடிபவை ‘அவே’ என்று மாறும்: விஷ்ணு, விஷ்ணவே, சம்பு, சம்பவே, குரு, குரவே. பெண்பாலில் ஆகாரத்தில் முடிபவை ‘ஆயை’ பெறும்: துர்கா, துர்காயை, ஸீதா, ஸீதாயை. ஈகாரத்தில் முடிபவை ‘யை’ பெறும்: தேவீ, தேவ்யை, பார்வதீ, பார்வத்யை, லக்ஷ்மீ, லக்ஷ்ம்யை. மாத்ரு (தாய்), பித்ரு (தந்தை) போன்றவை மாத்ரே, பித்ரே ஆகும். மெய்யெழுத்தில் முடிபவை மிக எளியவை; ‘ஏ’ சேர்த்தால் போதும்: ஹனுமத், ஹனுமதே; பரமாத்மன், பரமாத்மனே.

இதில் ஒரு சுவையான விலக்கு உண்டு. ‘பதி’ என்ற சொல் தனியாக நின்றால் நான்காம் வேற்றுமையில் ‘பத்யே’ என்றாகும். ஆனால் வேறொரு சொல்லுடன் சேர்ந்து தொகையாகிவிட்டால், ஹரியைப் போலவே நடந்துகொள்ளும். அதனால்தான் ‘கணபதயே நம:’ என்கிறோம், ‘கணபத்யே’ என்பதில்லை. இதற்கெனப் பாணினி ஒரு தனிச் சூத்திரமே செய்திருக்கிறார். ஏறத்தாழ 4000 சூத்திரங்களைக் கொண்ட அந்நூலில், ஒரு சிறு சொல்லின் இந்தச் சிறு பழக்கத்திற்கும் இடம் உண்டு.

ஒருவர் என்றால் இவை. இருவர் என்றால் சம்ஸ்கிருதத்தில் தனி எண் உண்டு. இது தமிழில் இல்லாதது. தாய் தந்தை இருவரையும் சேர்த்து வணங்கும்போது ‘மாதாபித்ருப்யாம் நம:’ என்கிறோம். மூவரும் அதற்கு மேற்பட்டவரும் பன்மை: ‘குருப்ய:’ என்றால் குருமார்களுக்கு.

குருவை, குருவுக்கு

ஏன் ‘நம:’ நான்காம் வேற்றுமையை வேண்டுகிறது? நம:, ஸ்வஸ்தி, ஸ்வாஹா முதலிய சொற்களோடு சேரும் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்கும் என்பது பாணினியின் விதி. விதியை விடத் தமிழே இதை நன்கு விளக்கும். ‘குருவுக்கு வணக்கம்’ என்கிறோம். ‘குருவை வணக்கம்’ என்று யாரும் கூறுவதில்லை. ஆனால் வணக்கம் என்ற பெயருக்குப் பதிலாக வினைச்சொல் வந்தால், ‘குருவை வணங்குகிறேன்’ என்று இரண்டாம் வேற்றுமைக்கு மாறிவிடுகிறோம். சம்ஸ்கிருதமும் அப்படியே: குரவே நம: (குருவுக்கு வணக்கம்), குரும் நமாமி (குருவை வணங்குகிறேன்). இலக்கணம் படிக்காத தமிழ்க் குழந்தையும் இந்த வேறுபாட்டில் பிழை செய்வதில்லை. அந்தச் செவியறிவை நம்பிச் சம்ஸ்கிருதத்திற்குள் செல்லலாம்.

இப்போது ஒரு முழு வாக்கியம். சிஷ்ய: குரும் நமதி. சீடன் குருவை வணங்குகிறான். ‘சிஷ்ய:’ முதல் வேற்றுமை, வணங்குபவன். ‘குரும்’ இரண்டாம் வேற்றுமை, வணங்கப்படுபவர். சொற்களை இடம் மாற்றி, குரும் நமதி சிஷ்ய: என்றாலும் பொருள் மாறாது. ஆனால் குரு: சிஷ்யம் நமதி என்றால், குரு சீடனை வணங்குகிறார்! சொல் நிற்கும் இடம் யார் யாரை வணங்குகிறார் என்பதைத் தீர்மானிப்பதில்லை, ஈற்றெழுத்து தீர்மானிக்கிறது. தோத்திரங்களில் சொற்கள் முன்பின்னாகக் கிடந்தாலும் பொருள் காண முடிவது இதனால்தான்.

நான்காம் வேற்றுமை வணக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. மஹ்யம் ஜலம் ததாது: ‘எனக்குத் தண்ணீர் தரட்டும்’, அதாவது தங்களிடம் தண்ணீர் வேண்டுகிறேன். கணபதயே மோதகோ ரோசதே: ‘கணபதிக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்.’ பிடித்தவருக்கு இரு மொழிகளிலும் நான்காம் வேற்றுமையே. ஓரிடத்தில் மட்டும் தமிழரின் நா தடுமாறும். ‘கோயிலுக்குப் போகிறேன்’ என்பதைத் தேவாலயம் கச்சாமி என்று இரண்டாம் வேற்றுமையில் கூறுவதே பெருவழக்கு. நான்காம் வேற்றுமையில் ‘தேவாலயாய கச்சாமி’ என்றால் நம்மவர் தவறோ என்று அஞ்சுவர். அஞ்ச வேண்டாம், உடலால் நடந்து செல்வதைக் கூறும்போது இரண்டையும் பாணினி ஏற்கிறார்.

ஒருவரைச் சந்திக்கும்போது பயன்படும் சிறு வாக்கியங்கள் சில: பவத: நாம கிம்? (ஆடவரிடம், ‘தங்கள் பெயர் என்ன?’) பவத்யா: நாம கிம்? (பெண்மணியிடம் அதே கேள்வி.) மம நாம என்று தொடங்கித் தம் பெயரைக் கூற வேண்டும். பவான் குத்ர கச்சதி? ‘தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?’ இங்கே ‘பவான்’ என்பது எதிரில் இருப்பவரைக் குறித்தாலும் வினை படர்க்கையில் வருகிறது. மரியாதை என்பது எதிரில் உள்ளவரைச் சற்றே தொலைவில் நிறுத்திப் பேசுவது போலும். ‘நமஸ்தே’ என்பதில் உள்ள ‘தே’ ‘உனக்கு’ என்றே பொருள்படும். இறைவனிடம் அந்த நெருக்கம் அழகு. பெரியவர்களிடம் ‘பவதே நம:’ எனலாம். பெண்மணியானால் ‘பவத்யை நம:’.

வினைச்சொல்லில் ஆண் பெண் வேறுபாடு இல்லை என்பது தொடங்குபவருக்கு ஆறுதல். ஸ: கச்சதி, அவன் செல்கிறான், ஸா கச்சதி, அவள் செல்கிறாள். அந்த ஆறுதலைப் பெயர்ச்சொல் பறித்துக்கொள்கிறது. மனைவியைக் குறிக்கும் ‘தார’ ஆண்பால், அதுவும் பன்மையில் வருவது, ‘களத்ரம்’ அலிப்பால், ‘பத்னீ’ பெண்பால். இங்கே பால் சொல்லுக்கு உரியதே தவிரப் பொருளுக்கு உரியதன்று. ‘ப்ரஹ்மன்’ என்ற சொல் அலிப்பாலில் பரம்பொருளையும், ஆண்பாலில் நான்முகனையும் குறிக்கும். முதல் வேற்றுமையில் ‘ப்ரஹ்ம’, ‘ப்ரஹ்மா’ என்று வேறுபடும் இவ்விரண்டும் நான்காம் வேற்றுமையில் ‘ப்ரஹ்மணே’ என்று ஒன்றாகிவிடுகின்றன. ‘ப்ரஹ்மணே நம:’ என்ற அர்ச்சனை யாருக்கு என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும்.

தமிழில் வழங்கும் வடசொற்களை வைத்துப் பொருள் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. ‘அவசரம்’ அங்கே வாய்ப்பு அல்லது தருணம். ‘உத்யோகம்’ அங்கே முயற்சி. ‘ஸம்ஸாரம்’ என்பதை ஆசாரியர்கள் துன்பக் கடல் என்று கூறும்போது, இல்லத்தரசிகள் மனம் வருந்த வேண்டியதில்லை.

சேர்த்தலும் பிரித்தலும்

நர, இந்த்ர என்ற சொற்கள் சேர்ந்து நரேந்த்ர ஆகின்றன: அகரமும் இகரமும் கூடி ஏகாரமாயின. விவேக, ஆனந்த சேர்ந்து விவேகானந்த: அகரமும் ஆகாரமும் கூடி ஆகாரமாயின. ஒரே மகானின் பூர்வாசிரமப் பெயரும் துறவுப் பெயரும் இரண்டு சந்தி விதிகளை நமக்குக் கற்பித்துவிடுகின்றன. விசர்க்கமும் இவ்வாறே மாறும். நம: என்பதோடு தே சேர்ந்தால் நமஸ்தே, நம: என்பதோடு நம: சேர்ந்தால் நமோ நம:, ஸ: என்பதோடு அஹம் சேர்ந்தால் ஸோஹம்.

சேர்ப்பது எளிது, பிரிப்பதில்தான் பொறுப்பு இருக்கிறது. சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் ஸ்வேதகேதுவுக்கு ஒன்பது முறை உபதேசிக்கும் மகாவாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘அது’ என்று பொருள்படும் ‘தத்’ என்ற சொல் அங்கே உள்ளது. அதற்கு முன்னுள்ள சொல் ‘ஆத்மா’, ஆகாரத்தில் முடிவது. ஆகாரத்தின் பின் அகரம் வந்தால் இரண்டும் கூடி ஆகாரமே எஞ்சும். எனவே ஒலியை மட்டும் கேட்பவர் ‘ஆத்மா, தத்’ என்றும் பிரிக்கலாம். ‘ஆத்மா, அதத்’ என்றும் பிரிக்கலாம். ‘அதத்’ என்றால் ‘அது அல்ல’. முன்னதைக் கொண்டு சங்கரர் ஜீவ பிரம்ம ஐக்கியத்தைக் காட்டுகிறார். ராமானுஜரும் ‘தத்’ என்றே கொண்டு, ஒரே வேற்றுமையில் நிற்கும் இரு சொற்கள் ஒரே பொருளைச் சுட்டும் விதத்தை உடல், உயிர் உறவால் விளக்குகிறார். மத்வாசாரியர் மரபில் ‘அதத்’ என்ற பிரிப்பும் ஏற்கப்பட்டு, ஜீவன் வேறு, ஈசன் வேறு என்று பொருள் கூறப்படுகிறது.

தத்துவம் பயின்றவன் என்ற முறையில் என் சாய்வு எப்பக்கம் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். ஆயினும் எழுத்திலக்கணம் இரண்டு பிரிப்புகளுக்கும் இடம் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எது உபநிஷதத்தின் கருத்து என்பதை முன்னும் பின்னும் வரும் உவமைகளைக் கொண்டும், உபதேசத்தின் தொடக்கத்தையும் முடிவையும் கொண்டும் ஆராய வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் படிப்பவருக்கு அங்கே ஒரு பாதை இரண்டாகப் பிரிகிறது என்பதே தெரியாது. மொழிபெயர்த்தவர் அவருக்காக ஒரு பாதையைத் தேர்ந்து முடித்திருப்பார். மொழிபெயர்ப்புப் பணி செய்யும் என் போன்றோர் இதைச் சொல்வது முறையல்ல என்று தோன்றலாம். நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சி

கீழ்க்காணும் நான்காம் வேற்றுமை வடிவங்களின் மூலச்சொற்களைக் கண்டறியுங்கள்: மாதவாய, முனயே, ஸாதவே, ஜனன்யை, ராதாயை, தாத்ரே, ஸ்ரீமதே, யோகினே.

விடைகள் முறையே: மாதவ, முனி, ஸாது, ஜனனீ, ராதா, தாத்ரு, ஸ்ரீமத், யோகின். கடைசிச் சொல்லுக்கு ‘யோகி’ என்று எழுதியிருந்தால், முனி என்பது முனயே ஆவதுபோல அது ‘யோகயே’ ஆகியிருக்க வேண்டுமே என்று எண்ணிப் பாருங்கள். தமிழில் நாம் யோகி, ஞானி, சுவாமி என்று வழங்கும் சொற்களின் மூலம் நகர மெய்யில் முடிகிறது: யோகின், ஞானின், ஸ்வாமின். ஆகவே ‘ஸ்வாமினே நம:’ என்பதே சரி. இன்று மாலை அர்ச்சனையின்போது நாமாவளியில் ‘இனே’ என்று முடியும் பெயர்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிவாருங்கள்.